சொன்னவர் யார் என்று தேடாதீர்கள்

சிறுநீரக நோயாளிகளுக்கு ஹெப்பாரின் புதிய மருந்தன்று. டயாலிசிஸ் செய்யும்போது இரத்தம் உடலைவிட்டு வெளியேறிக் குழாய்களின் வழியே எந்திரத்துக்குச் சென்று, தூய்மையடைந்து திரும்புகிறது. அவ்வாறு வெளியே செல்லும் இரத்தம் உறைந்துவிடாமல் காப்பது ஹெப்பாரின். வாரத்தில் இரண்டு மூன்று முறை நம் டயாலிசிஸ் பிரிவுக்கு வருவோருள் பலருக்கு அதன் பெயர் தெரியும். அது பன்றியின் குடற்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது என்பது சிலருக்கே தெரியும். உலகச் சந்தைக்கு வரும் அம்மூலப்பொருளில் பெரும்பகுதி சீனாவிலிருந்து புறப்படுகிறது. அங்கிருந்து சேகரிப்போர், இணைப்போர், தூய்மைப்படுத்துவோர், குப்பியில் அடைப்போர், விற்போர் எனப் பல கைகள் மாறிய பின்னரே அது நோயாளியின் நரம்பை வந்தடைகிறது.

2007-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் டயாலிசிஸ் பிரிவில் சில குழந்தைகளுக்கு எந்திரத்தில் இணைத்த சில நிமிடங்களிலேயே முகம் வீங்கியது. இதயத் துடிப்பு கூடியது. இரத்த அழுத்தம் சரிந்தது. மருத்துவர்கள் குழாயையும் வடிப்பானையும் ஐயுற்று மாற்றிப் பார்த்தார்கள். பயனில்லாமற்போகவே 2008 சனவரியில் நாட்டின் நோய்த்தடுப்பு மையத்துக்குத் தெரிவித்தார்கள். அதன் பிறகுதான் பிற ஊர்களிலும் இவ்வாறே நிகழ்ந்துகொண்டிருப்பது வெளிப்பட்டது. ஹெப்பாரின் திரும்பப் பெறப்பட்டது. ஆராய்ந்தபோது, ஹெப்பாரினைப் போலவே தோற்றமளிக்கும் மலிவான வேறொரு வேதிப்பொருள் அதில் கலந்திருந்தது தெரியவந்தது. அக்காலத்தில் வழக்கத்திலிருந்த தரச்சோதனைகள் அனைத்திலும் அது தேறிவிடும். கலப்படம் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் பல பத்து மரணங்கள் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. அதற்குச் சற்று முன்னர் சீனாவில் பன்றிகளுக்குப் பெருநோய் கண்டு குடற்சவ்வுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்தது. தட்டுப்பாடு வந்த இடத்தில் கலப்படம் வந்ததில் வியப்பில்லை.

இந்நிகழ்ச்சியை நான் இளம் மருத்துவர்களுக்குப் பாடமாக எடுக்கும்போது வேதியியலைத்தான் விளக்குவது வழக்கம். அண்மைக்காலமாக வேறொரு கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. வழக்கமான தரச்சோதனைகளுக்குப் புலப்படாத அக்கலப்படம், அதைக் கலந்த கைகளுக்குத் தெரிந்திருந்தது. மூட்டையைச் சுமந்தவருக்கும் கணக்கெழுதியவருக்கும் பொருள் வந்த இடம் வழக்கமான இடமன்று என்பதாவது தெரிந்திருக்கலாம். அத்தகையோரில் ஒருவர் தமக்குத் தீங்கு நேராதென நம்பி ஒரு சொல் சொல்வதற்கு இடம் இருந்திருந்தால்?

மருந்தின் வழித்தடத்தைக் காப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சோதனை, சான்றிதழ், முத்திரை, பட்டைக் குறியீடு ஆகியவற்றையே பேசுகிறோம். அவை வேண்டியவையே. நம் நாட்டில் 2023 ஆகஸ்டு முதல் 300 முன்னணி மருந்துகளின் உறைகளில் கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருப்பது நல்ல முன்னேற்றம். ஆனால் குறியீடு உறையைப் பற்றித்தான் சொல்லும். அந்த மருந்து வந்த வண்டியின் குளிர்பெட்டி வழியில் எத்தனை மணி நேரம் நின்றுபோயிருந்தது என்பதை ஓட்டுநர்தான் சொல்ல வேண்டும்.

இதை நான் எழுதுவதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. இப்போது இங்கு பணிபுரியும் எவருக்கும் அதில் தொடர்பில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், வேறொரு மருத்துவமனையில் நான் பணியாற்றியபோது நிகழ்ந்தது.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரத்தச் சோகையைப் போக்க எரித்ரோபாய்டின் என்னும் ஊசி போடுகிறோம். அதை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். வெப்பம் பட்டால் அதன் வீரியம் குறையும். நிறமோ மணமோ மாறாது. குப்பியைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது. அந்தக் கோடையில் எங்கள் நோயாளிகள் சிலருக்கு ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. இரும்புச்சத்துக் குறைவா, உள்ளே எங்கேனும் தொற்றா என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். மருந்தின் அளவைக் கூட்டினேன். கூடிய அளவுக்கான செலவை அவர்களே ஏற்றார்கள். அதில் ஒருவர் தறி ஓட்டுபவர்.

ஒரு நாள் மாலை, மருந்துக் கிடங்கில் பெட்டி இறக்கும் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் என் அறை வாயிலில் நின்றார். இருபத்தைந்து வயதுகூட இராது. "டாக்டர், அந்த ஊசி வர்ற தெர்மோகோல் பெட்டியில ஐஸ் எல்லாம் தண்ணியாத்தான் வருது. வெள்ளிக்கிழமை வந்தா திங்கள்தான் உள்ள எடுத்து வைப்பாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். பின்னர், ஒழுங்குமுறை அறிந்தவனின் பெருமிதத்தோடு, "இதை எழுத்தில் கொடுத்தால்தான் நான் மேலே கொண்டுபோக முடியும், தம்பி" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். எழுதித் தரவில்லை. இரண்டு நாள் பொறுத்து நானே கொள்முதல் அலுவலரிடம் சென்று, "கிடங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது" என்று தொடங்கினேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "யார் சொன்னது?" நான் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கிடங்கில் பெட்டி இறக்குவோர் மூவர்தாம். அடுத்த மாதம் ஒப்பந்ததாரர் அந்த இளைஞரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டதாக அறிந்தேன். எங்கு என்று எவருக்கும் தெரியவில்லை. குளிர்பதன முறை பின்னர் சீராக்கப்பட்டது என்பது உண்மை. அதற்கான பாராட்டு எனக்குக் கிடைத்தது என்பதும் உண்மை.

என் பிழை இரண்டு. எழுத்தில் கேட்டது ஒன்று. "கிடங்கிலிருந்து" என்று சொன்னது மற்றொன்று. அந்த ஒரு சொல்லில் அவர் அடையாளம் அடங்கியிருந்தது என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. நல்லெண்ணம் மட்டும் இருந்தால் மறைபொருளைக் காத்துவிட முடியும் என்று நினைத்தேன். அதற்கு முறையும் பயிற்சியும் வேண்டும்.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய இடங்களிலும் இதே தவறு நிகழ்ந்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் முறைகேடுகளைக் கண்ட இளம் பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். கடிதம் பெயரோடு பல மேசைகளுக்குச் சென்றது. 2003 நவம்பரில் கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். புலனாய்வு அமைப்பு அதை வழிப்பறிக் கொலை என்றது. கொலைக்கும் கடிதத்துக்கும் தொடர்பு உண்டா என்னும் வாதத்துக்குள் நான் செல்லவில்லை. பெயரைக் காக்குமாறு கேட்ட ஒருவரின் பெயரை நாம் காக்கவில்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை. அதன் பின்னரே, 2004-இல், மைய ஊழல் தடுப்பு ஆணையம் இத்தகைய முறையீடுகளைப் பெயர் மறைத்துப் பெறுவதற்கான அரசுத் தீர்மானம் வந்தது. 2014-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஆயினும் அது இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. நடைமுறைக்கு வந்தாலும் அது பொது ஊழியர்களைப் பற்றிய முறையீடுகளுக்குத்தான் பொருந்தும். தனியார் மருந்துத் தொழிற்சாலையின் கலவைப் பிரிவில் பணிபுரிபவருக்கு அதில் இடமில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தம் பணியாளர்கள் அச்சமின்றி முறையிட வழி அமைக்க வேண்டுமென 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் கூறுகிறது. நம் மருந்துகளில் பலவற்றைச் செய்யும் சிறு நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

சிறு நிறுவனங்களைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். கோல்ட்ரிஃப் என்னும் அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் அதில் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு. தொழிற்சாலையில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட குறைபாடுகளை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள், உரிமம் நீக்கப்பட்டது.

சிறுநீரக மருத்துவனாகிய எனக்கு அந்த நச்சு பழைய பகைவன். 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அங்கு அடுத்த ஆண்டே புதிய மருந்துச் சட்டம் பிறக்கக் காரணமாயிற்று. 1972-இல் நம் சென்னையில் குழந்தைகளைக் கொன்றது. 1986-இல் மும்பையின் அரசு மருத்துவமனையொன்றில் கிளிசரினுக்குள் மறைந்து வந்து 14 நோயாளிகளைக் கொன்றது. 2022-இல் காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் இந்தியாவில் செய்த மருந்துகளின் வழியே குழந்தைகளைக் கொன்றது. ஒவ்வொரு முறையும் விலை மலிந்த தொழில்துறைக் கரைப்பான் ஒன்று மருந்துக் கரைப்பானின் இடத்தில் அமர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு முறையும் நாம் இறந்தவர்களின் சிறுநீரகங்களிலிருந்துதான் செய்தியை அறிகிறோம். முந்நூறு குறைபாடுகள் ஓரிரவில் தோன்றுவதில்லை. நாள்தோறும் அங்கு உள்ளே சென்று வெளியே வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. தெரிந்திருந்தாலும் எவரிடம், எந்த மொழியில், எந்த எண்ணில் சொல்லியிருப்பார்கள் என்பதே என் வினா.

சொன்னவர்கள் இல்லாமலில்லை. ரேன்பாக்சி நிறுவனத்தில் பணியாற்றிய தினேஷ் தாக்கூர், மருந்துகளின் சோதனைத் தரவுகள் பொய்யாக உருவாக்கப்பட்டிருப்பதைக் கண்டு, 2005-இல் வேலையை விட்டு விலகி, புனைபெயரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுதத் தொடங்கினார். முடிவு வர எட்டு ஆண்டுகள் ஆயின. 2013-இல் அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அமெரிக்கச் சட்டப்படி அதில் ஒரு பங்கு தாக்கூருக்குக் கிடைத்தது. இந்திய நிறுவனத்தைப் பற்றி இந்தியர் ஒருவர் சொன்ன உண்மைக்குக் காப்பளித்தது வேற்று நாட்டுச் சட்டம் என்பதை நான் எவ்விதப் பெருமையுமின்றி எழுதுகிறேன். போலி மருந்தைப் பற்றித் தகவல் தருவோருக்குக் கைப்பற்றிய சரக்கின் மதிப்பில் 20 விழுக்காடு வரை, 25 இலட்ச ரூபாய்க்கு மிகாமல் வெகுமதி வழங்கும் திட்டத்தை நம் நடுவணரசு 2009-இல் அறிவித்தது. நான் உரையாடிய மருந்துக் கடைப் பணியாளர்களில் ஒருவரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. வேலை போய்விடும் என்று அஞ்சுபவருக்கு வெகுமதியைவிட முதலில் வேண்டுவது காப்பு என்றே நினைக்கிறேன்.

காப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய நெறிமுறை நல்ல முன்மாதிரி. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள் மறைபொருள் காக்கும் முறையீட்டு வழியை அமைக்க வேண்டும். முறையீடு கிடைத்தது என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். என்ன செய்தோம் என்பதை மூன்று மாதங்களுக்குள் சொல்ல வேண்டும். நேரடிப் பணியாளருக்கு மட்டுமன்று, ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கும் சரக்கு வழங்குவோரின் ஆட்களுக்கும் அக்காப்பு உண்டு. முறையிட்டவர் பின்னர் பணியிழந்தால், அது முறையீட்டுக்காக அன்று என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அந்த இளைஞரை நினைத்துக்கொண்டுதான் இந்த வரிகளை முதன்முதலில் படித்தேன்.

இவ்வழி இருந்தால் பொய்ப் புகார்கள் குவியும், வேண்டாதவரைப் பழிவாங்கப் பயன்படும், போட்டி நிறுவனங்கள் தூண்டிவிடும் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களுள் கொள்முதல் துறையினரும் உண்டு, நேர்மையானவர்கள். அவர்கள் அச்சத்தை நான் எள்ளவில்லை. பொய்ப் புகார் வரத்தான் செய்யும். ஆனால் "அந்தப் பெட்டி வெள்ளி முதல் திங்கள் வரை வெளியே கிடந்தது" என்னும் புகாரைச் சரிபார்க்கச் சொன்னவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. வரவுப் பதிவேட்டையும் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவையும் பார்த்தால் போதும். புகார் பொய்யென்றால் அரை நாளில் தெரிந்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரும் அதுவரை வெளியே வர வேண்டியதில்லை. மறைபொருள் காப்பு இரு தரப்பாருக்கும் உரியது. ஆதாரமின்றி ஒருவரின் நேர்மையைச் சிதைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

இனி நம் மருத்துவமனைக்கு வருகிறேன். இங்கும் ஒரு கருத்துப் பெட்டி இருக்கிறது. கட்டணம் செலுத்தும் இடத்துக்கு அருகே, கண்காணிப்புக் கேமராவின் நேர் கீழே, எல்லோரும் பார்க்க வைக்கப்பட்டிருக்கிறது. கேண்டீன் காப்பியைப் பற்றி எழுத அது போதும். இந்தச் செய்திமடலில் இதை எழுத நிருவாகம் இசைந்ததை நல்ல அறிகுறியாகக் கொண்டு, நான் எழுத்தில் கேட்டிருப்பவற்றை இங்கும் சொல்கிறேன். முறையீட்டைத் திறப்பவர் கொள்முதல், கிடங்கு, கணக்கு ஆகிய மூன்றிலும் சேராதவராக இருக்க வேண்டும். ஒருவர் மருத்துவமனைக்கு வெளியிலிருந்து வர வேண்டும். எழுதத் தயங்குவோர் தமிழில் பேசிப் பதிவு செய்ய ஒரு தொலைபேசி எண் வேண்டும்; அழைப்பவரின் எண்ணை அது சேமிக்கக் கூடாது. பெயர் சொல்லாதவருக்கும் ஓர் அடையாள எண் தந்துவிட்டால், அதைக் கொண்டே அவர் பின்னர் விடையைக் கேட்டறியலாம். நாமும் கூடுதல் விவரம் கேட்கலாம். ஒப்பந்ததாரர்களோடும் மருந்து வழங்குவோரோடும் செய்யும் உடன்படிக்கையில், முறையிட்ட பணியாளரைப் பழிவாங்கினால் உடன்படிக்கை முறியும் என்ற விதி வேண்டும். இவற்றுள் கடைசியானதுதான் கடினமானது. சட்டப் பிரிவினர் முகம் சுளித்ததை நான் பார்த்தேன். எனினும் அது இல்லாவிட்டால் மற்றவையெல்லாம் நம் நிரந்தரப் பணியாளருக்கு மட்டும் பயன்படும் அலங்காரமாகிவிடும்.

நோயாளிகளும் உடனிருப்போரும் இதில் எங்கே வருகிறீர்கள்? நீங்கள் இந்த வழித்தடத்தின் கடைசிக் கை. பல வேளைகளில் முதற்கண்ணும் நீங்கள்தான். சென்ற மாதம் வாங்கிய மாத்திரையின் நிறத்துக்கும் இம்மாத மாத்திரைக்கும் வேறுபாடு இருப்பதை நான் கண்டுபிடிப்பதில்லை; மாத்திரையை எடுத்துத் தரும் மருமகளோ பேரனோ கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் "டாக்டர் தப்பா நினைப்பாரோ" என்று பலர் சொல்லாமல் விடுகிறீர்கள். சிகிச்சை அளிப்பவரைப் பகைத்துக்கொள்ள எவரும் துணியமாட்டார் என்பதை நான் உணர்கிறேன். ஒப்பந்தப் பணியாளரின் அச்சமும் உங்கள் அச்சமும் ஒரே வகை. எங்களிடம் சொல்லத் தயங்கினால், மருந்தால் ஏற்பட்ட தீய விளைவுகளை நாடு முழுவதும் தொகுக்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800-180-3024-இல் நேரே சொல்லலாம். பொதுமக்களுக்கென அவர்கள் வைத்திருக்கும் தனிப்படிவம் தமிழிலும் உண்டு. தீங்கு நேர்ந்த மருந்தின் உறையையும் மிச்சத்தையும் எறிந்துவிடாதீர்கள். தொகுதி எண்ணும் காலாவதி நாளும் அதில்தான் இருக்கின்றன. எவரையும் ஐயுற்று நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடவும் வேண்டாம். நிறுத்தியதால் வந்த தீங்குகளையும் நான் கண்டிருக்கிறேன்.

செயின்ட் லூயிஸ் குழந்தைகளின் மருத்துவர்கள் கலப்படத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஏதோ சரியில்லை என்று உரிய இடத்தில் சொன்னார்கள். அதைக் கேட்க ஒருவர் இருந்தார். எந்தக் குப்பி எந்த நோயாளிக்குச் சென்றது என்னும் குறிப்பு இருந்தால் மருந்தை விரைவாகத் திரும்பப் பெறுவது எளிதாகும். நம் டயாலிசிஸ் பிரிவில் இம்மாதம் முதல் ஒவ்வொருவரின் சிகிச்சை அட்டையிலும் ஹெப்பாரின், எரித்ரோபாய்டின் ஆகிய இரண்டின் தொகுதி எண்களை எழுதத் தனிக் கட்டம் சேர்த்திருக்கிறோம். முதல் இரண்டு வாரங்களில் பாதிக் கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. பணி மிகுதி என்று செவிலியர் சொன்னதும் உண்மையே. உங்கள் அட்டையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் கேளுங்கள். கேட்டது யார் என்று நான் விசாரிக்க மாட்டேன்.